இந்தக் கூறு யாருக்கு?

பாவாயி வாழ்க்கைப்பட்டுப் போன மலை ஊரில், சோளக்காடு என்கிற ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நாலு பங்காளி வீடுகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய பலாமரம் உண்டு. ஆனி மாதம் பழம் இறக்கினால் அதைப் பிரிப்பதற்கென்று அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெரிதும் சிறிதும் கலந்து, பார்வைக்குச் சமமாக நாலு கூறு வைப்பார்கள். ஒரு ஆள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு ஆள் ஒரு கூறைக் குச்சியால் தொட்டு, "இந்தக் கூறு யாருக்கு?" என்று கேட்பான். திரும்பி நிற்கிற ஆள் எது என்று பார்க்காமலே ஒரு வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். ஒரே ஒரு விலக்கு. ஒரு கூறு முழுக்க அழுகல் என்று பிறகு தெரியவந்தால், யார் வேண்டுமானாலும் "கலைச்சுப் போடு" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் நாலையும் ஒன்றாகக் குவித்து மறுபடி கூறு போட்டே ஆக வேண்டும்.

அப்படித் திரும்பி நிற்பதற்கு வருடா வருடம் பாவாயியைத்தான் கூப்பிடுவார்கள். ஓரக்கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள் என்று பேர் வாங்கியவள். மூஞ்சியைப் பார்த்து மரியாதை கொடுக்கிற ஊர்கள் எத்தனையோ உண்டு. முதுகுக்கு மரியாதை கிடைத்தது பாவாயிக்கு மட்டும்தான் இருக்கும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த முதுகும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லி. முன்னொரு தடவை டி.பி. வந்து, கொடுத்த மாத்திரையை ஒரு வேளை தவறாமல் தின்று, குணமாகி, அதை மறந்தும் போயிருந்தாள். போன வருடத்துக்கு முந்தின தை மாதம் மிளகு காயப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது இருமினாள். கையில் ரத்தம். புருஷன் அர்த்தனாரி மிளகு பறிக்க மரத்தில் ஏறி நின்றிருந்தவன், ஏணியில் பாதியும் குதித்துப் பாதியுமாக இறங்கி ஓடிவந்தான்.

மலை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். சேலத்தில் நெஞ்சு நோய்க்கென்றே இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் பானுமதி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பழைய டி.பி. போகிறபோது நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பொந்தில் பூஞ்சை குடியேறிவிட்டது.

"பூஞ்சைன்னா என்னுங்க?"

"பூசணம்மா. சரியாக் காயாத மிளகுல, மரவள்ளிக் கெழங்குல பச்சையாப் பூக்குமே, அதேதான். எல்லாரும்தான் அந்தக் காத்தை மூச்சுல இழுக்கறோம். உங்களுக்கு உள்ள எடம் இருந்ததால தங்கிருச்சு."

பாவாயிக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. உபயோகமில்லாமல் மூலையில் போட்டு வைத்த சாமானில்தான் பூசணம் பிடிக்கும். கண் விழித்த நேரம் முதல் ஒரு இடத்தில் குந்தி அறியாதவள் அவள். அவளுக்குள் போய்ப் பூசணம் பிடித்திருக்கிறது என்றால் ஊர் என்ன சொல்லும்? "சும்மா போட்டு வெச்சிருந்தியாட்ட இருக்குது" என்று அர்த்தனாரியைத்தான் கேலி செய்யும்.

அடுத்து டாக்டர் சொன்னதுதான் அவளை அடித்துப் போட்டது. மருந்து சாப்பிட்டு நெஞ்சு தேறும்வரை மலை வீட்டில் இருக்கக்கூடாது. ஈரச் சுவர், மக்கின இலைக்குப்பை, மிளகு மூட்டை, கிழங்கு எல்லாமே பூசணத்தின் வீடு. "மருந்து ஒரு பக்கம் அடிக்கறப்ப நீங்க இன்னொரு பக்கம் வாரிப் போட்டுக்கக் கூடாதில்லையா?" என்றார். நியாயமான பேச்சுதான். நியாயம் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா?

பாவாயியின் தங்கை ருக்குமணி கீழே காளப்பநாயக்கன்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மொட்டை மாடி வைத்த காரை வீடு, நல்ல வெயில். அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அர்த்தனாரி மலைக்குத் திரும்பினான். மாட்டையும் மிளகையும் யார் பார்ப்பது? பஸ் திரும்புகிற இடம்வரை கூடவே போனாள் பாவாயி. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன்" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் ஓட்டினாள்.

கீழே எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம். தெரியாத தூரத்துக்குப் போயிருந்தால் மனது ஒருவேளை அடங்கியிருக்கும். பல் விளக்க வந்தால் மலை, துணி காயப் போடப் போனால் மலை, கடைக்குப் போனால் தெருக்கோடியில் மலை. எட்டிப் பிடிக்கிற தூரம்தான், எழுபது வளைவு ஏறினால் வீடு. ஏறக்கூடாது.

அர்த்தனாரி தினமும் போன் போடுவான். போனில் பேசத் தெரியாத மனுஷன். "செவல மாடு சினையாட்ட இருக்குது" என்பான். "செரிங்க" என்பாள். "மெளகுக்கொடி ரெண்டு பட்டுப்போச்சு" என்பான். "செரிங்க" என்பாள். பிறகு இரண்டு பேருக்கும் வார்த்தை தீர்ந்துவிடும். வைக்கவும் மனம் வராது. ஒரு நாள், "இங்க மழ பெய்யுது" என்றான். "கேக்குதுங்க" என்றாள். அவன் போனைத் தகரக் கூரைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றான் போல. மழை கொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது தானாக அறுந்து போகும்வரை பாவாயி காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டு, "உப்பு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டான். வருடக்கணக்காக அதே இடத்தில் இருக்கிற உப்பு. அவள் கேலி செய்யாமல் இடத்தைச் சொன்னாள். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று சொல்ல வாய் வராத ஆண்பிள்ளைகள் உப்பைத்தான் கேட்பார்கள்.

அடுத்த தடவை சேலம் போனபோது டாக்டர் பானுமதி ஒரு விஷயம் சொன்னார். இந்த நோய்க்கு இப்போது கொடுக்கிற மருந்து எல்லாருக்கும் கேட்பதில்லை. சிலருக்குக் கால் வீங்குகிறது, குமட்டுகிறது. புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது. பழையதைவிட அது மேலா என்று பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். விருப்பம் இருந்தால் சேரலாம், வேண்டாம் என்றால் வழக்கமான வைத்தியம் நடக்கும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

அதை விளக்கமாகச் சொன்னது நர்ஸ் கோகிலா. சின்னப் பெண், பொறுமைசாலி. "பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி மாத்திரை, ஒரே மாதிரி பாட்டில். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எங்கியோ ஒரு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிருமில்லீங்களா?"

படித்தவர்களே இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குவார்கள். பாவாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்தக் கம்ப்யூட்டரு திரும்பி நிக்குதுங்கறீங்க" என்றாள். கோகிலாவுக்குப் புரியவில்லை. பலாமரத்தடியில் கூறு போடுகிற கதையைப் பாவாயி முழுதாகச் சொன்னாள். கோகிலா கைகொட்டிச் சிரித்து, "இனி எல்லாருக்கும் இப்படியே சொல்லிர்றேன்" என்றாள். சொல்ல வேண்டியதையும் சொன்னாள்: "இந்த மாத்திரைய வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுங்க." பாவாயி தலையாட்டினாள். நோவில்லாதவர்களுக்கு யாராவது மாத்திரையைக் கொடுப்பார்களா, இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள். ஒரே கூறில் பங்குள்ள ஆட்கள் "வேற யாரோ" ஆக மாட்டார்கள் என்பது அவள் ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கு கோகிலாவுக்குத் தெரியாது.

அன்றைக்கு அதே பெஞ்சில் கறுப்புப் பர்தாவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருமி முடித்துவிட்டு, "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். பேர் ஜெய்னப். விசாரித்தால் காளப்பநாயக்கன்பட்டியிலேயே ருக்குமணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவர் வீட்டுக்காரர் அப்துல் சலாம், மலைச் சரக்கு வாங்குகிற கடைக்காரர். அர்த்தனாரி இத்தனை காலமும் மிளகு போட்டது அவர் கடையில்தான். ஆண்கள் வருடக்கணக்காகத் தராசுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பழக்கம். பெண்டாட்டிகள் சந்திப்பதற்குப் பூசணம் வரவேண்டியிருந்தது. ஜெய்னப்புக்கும் அதே நோய், அதே சோதனை. ஆனால் அவருக்கு நோவு முற்றிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் பாவாயி ஜெய்னப் வீட்டு மொட்டை மாடியில்தான் கிடப்பாள். ஜெய்னப் அஸர் தொழுதுவிட்டு, படிக்கட்டில் நின்று நின்று மூச்சு வாங்கி மேலே வருவார். இரண்டு பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஏம் பாவாயி, அந்த மலையில அப்புடி என்னத்த வெச்சிருக்கற? கழுத்து வலிக்கப் பாக்கற."

"அங்க அவரு இருக்கறாருங்க அக்கா."

வாய் தவறி வந்துவிட்டது. பாவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெய்னப் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். "அல்லாவே! இருவத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துன பொம்பள பேசற பேச்சா இது!" என்றார். அப்புறம் பாவாயியின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆசையை வெளியே சொல்ல ஒரு ஆள் கிடைப்பது சாமானியமான காரியமா? பாவாயிக்கு அப்படி ஒரு ஆள் அதுவரை வாய்த்ததில்லை.

ஜெய்னப் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். ஒரு நாள்கூட மலை ஏறியதில்லை. "பொறந்ததுலேர்ந்து அதப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்கறேன். வளவு திரும்புனா எனக்கு வயிறு திரும்பும். ரெண்டாவது வளவுலயே எறக்கி உட்டுட்டாங்க ஒருக்கா" என்றார். பலாப்பழம் என்றால் அவருக்கு உயிர். கடைக்கு வருகிற பழத்தில் வாசம் பாதி செத்துவிடுகிறது, மரத்தடியில் அறுத்துத் தின்ன வேண்டும் என்று ஆசை.

"தேறுனதும் வாங்க. எங்க மரத்தடியிலயே குந்த வெச்சு அறுத்துத் தாரேன்."

"வாரேன். வாந்தி எடுத்துக்கிட்டாச்சும் வாரேன்."

இப்படி ஆசைகள் இரண்டும் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒருத்திக்குத் திரும்பிப் போகணும், ஒருத்திக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்கணும்.

முதல் பாட்டிலைத் திறந்த கொஞ்ச நாளிலேயே பாவாயிக்கு மனதில் ஒரு முள் தைத்தது. திரும்பி நிற்பது சரி. ஆனால் திரும்பி நிற்பதற்கு முன்னால் கூறு சமமாக இருக்க வேண்டுமே? ஒரு பாட்டிலில் புதுசு, ஒரு பாட்டிலில் பழசு என்று அவர்களே சொல்கிறார்கள். ஒருவேளை புதுசு நல்லதாக இருந்து அது தனக்கு வந்திருந்தால் அக்காவுக்கு இல்லை. அக்காவுக்கு வந்திருந்தால் தனக்கு இல்லை, மலையும் இல்லை. இரண்டில் எதை நினைத்தாலும் தூக்கம் கெட்டது. சமமில்லாத கூறுக்கு மருந்து அவள் ஊரில் ஒன்றுதானே உண்டு?

"அக்கா, கலைச்சுப் போட்டுரலாங்க" என்றாள்.

ஜெய்னப்புக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும், "தப்பில்லியா புள்ள?" என்று கேட்டார். "யாரு பங்கையும் நாம எடுக்கலியே. நம்ம ரெண்டு கூறுதானுங்க" என்றாள் பாவாயி. ஜெய்னப் அடுப்படியில் ஒரு பெரிய தட்டை எடுத்து வைத்தார். இரண்டு பாட்டிலையும் அதில் கொட்டினார்கள். ஒரே நிறம், ஒரே அளவு. பாவாயி உள்ளங்கையால் மிளகு துழாவுகிற மாதிரி நன்றாகத் துழாவி, சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பாட்டிலிலும் போட்டு மூடினாள். அதன் பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. புதுப் பாட்டில் வாங்கி வரும்போதெல்லாம் அப்படியே செய்தார்கள்.

இரண்டு பேரும் தேறினார்கள் என்பதுதான் விசேஷம். பாவாயிக்கு ரத்தம் நின்றது. ஜெய்னப் படிக்கட்டில் ஒரே ஒரு தடவை நின்று மேலே வந்தார். பக்ரீதுக்கு ருக்குமணி வீட்டுக்கும் சேர்த்துப் பிரியாணி கொடுத்தனுப்பினார். அந்தக் கோடை பாவாயியின் வாழ்க்கையில் நல்ல கோடை. மலையில்லாமல் ஒரு நல்ல கோடை வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

ஆடியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாத்திரை தவறாமல் சாப்பிட்டீர்களா என்று கோகிலா வழக்கம்போலக் கேட்டாள். பாவாயிக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பெருமையாகவே சொன்னாள்: "ஒரு வேள தவறலைங்க. நானும் அக்காவும் கலைச்சுக் கூறு போட்டுத்தான் சாப்பிடறோம்."

கோகிலா பேனாவை வைத்துவிட்டாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் பானுமதி கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு பேசினார்.

"அம்மா, கூறு ரெண்டும் சமமான்னு எங்களுக்குத் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும் பண்றோம். நீங்க கலந்துட்டா எது நல்லது பண்ணுச்சு, எது கெட்டது பண்ணுச்சுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? நாளைக்கு இதே நோவோட வர்றவங்களுக்கு நான் எதக் குடுப்பேன்? அது போகட்டும். ரெண்டு மருந்து மாத்தி மாத்திப் போனதுல உங்க ஈரலுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

பாவாயிக்கு அப்போதுதான் உறைத்தது. பலாமரத்தடியில் நாலு வீட்டுக்குத்தான் கூறு. இங்கே முகம் தெரியாத எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கூறையும் சேர்த்து அவள் கலைத்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்றாள். ஜெய்னப்தான் அவள் முதுகைத் தடவி, "நானும்தான் தட்டு எடுத்துக் குடுத்தேன் டாக்டரம்மா, அவளத் திட்டாதீங்க" என்றார்.

விஷயம் மேலே போனது. கடைசியில், ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதால் இரண்டு பேரும் தொடரலாம், ஆனால் இனி அவரவர் பாட்டில் அவரவருக்கே, இஷ்டமில்லை என்றால் விலகி வேறு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பாவாயி, "என்னுங்க அக்கா பண்றது?" என்று கேட்டாள்.

ஜெய்னப் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுத நான் திங்கறேன், உன்னுத நீ தின்னு. ஒருத்தர் பேச்சக் கேட்டம்னா முழுசாக் கேக்கோணும். நீ மேல போகோணுமில்ல கண்ணு?" என்றார்.

அதன் பிறகு தட்டு எடுக்கவில்லை. புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. பாவாயிக்கு உடம்பில் சதை பிடித்தது. ஜெய்னப் படிக்கட்டில் மறுபடி நின்று நின்று வந்தார். அப்புறம் பாதிப் படியில் உட்கார்ந்தார். அப்புறம் மாடிக்கு வருவதே நின்றது. பாவாயி கீழே அறையில் போய் உட்கார்ந்து, மேலே போய்ப் பார்த்து வந்து, "இன்னிக்கு மலை மேல மேகமுங்க, ஒண்ணும் தெரியல" என்று சொல்லுவாள். கார்த்திகையில் ஜெய்னப்புக்கு ரத்தம் வந்தது. சோதனை மருந்தை நிறுத்தி, சேலத்தில் படுக்க வைத்து, வேறு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். தேறி வீட்டுக்கு வந்தார், ஆனால் பழைய ஜெய்னப்பாக வரவில்லை.

தை பிறந்ததும் டாக்டர் பாவாயியின் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். மிளகு மூட்டை இருக்கிற அறையில் படுக்கக் கூடாது, குப்பை கிளறக் கூடாது என்று ஆயிரம் பத்தியம். இத்தனை நாள் எதற்காக ஏங்கிக் கிடந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் பாவாயிக்கு அழுகைதான் வந்தது. நேரே ஜெய்னப்பிடம் போய், "நான் போகலீங்க அக்கா, நீங்க தேறட்டும்" என்றாள்.

"அடி போடி. அந்த மனுசன் இன்னொரு வருசம் உப்புத் தேடிக்கிட்டுக் கெடக்கோணுமா?" என்றார் ஜெய்னப். பேச மூச்சுப் போதவில்லை, கேலிக்கு மட்டும் எங்கிருந்தோ வந்தது. "மேலேர்ந்து பாத்தா எங்க மாடி தெரியுமா?"

"பாறைல நின்னா தெரியுங்க."

"அப்ப அவர உட்டு மாடியில மஞ்சப் போர்வை காயப் போடச் சொல்றேன். பாத்துட்டுப் போன் பண்ணு."

அர்த்தனாரி வந்து கூட்டிப் போனான். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பக் காற்று குளிர்ந்தது. வீட்டில் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தான், மிளகுக்குத் தள்ளி ஒரு கொட்டகை போட்டிருந்தான். உப்பு அதே இடத்தில் இருந்தது. மறுநாள் காலை பாவாயி பாறை விளிம்புக்குப் போனாள். கீழே ஒரே புகைமூட்டம். ஊர் என்று ஒரு வெளுப்பு, அதில் புள்ளி புள்ளியாக என்னென்னவோ. மஞ்சளும் இல்லை, மாடியும் இல்லை. போன் போட்டாள்.

"தெரியுதா புள்ள?"

"தெரியுதுங்க அக்கா. மஞ்சளா, நல்லாத் தெரியுது."

ஓரக்கண்ணால்கூடப் பார்க்காதவள் என்று பேரெடுத்தவள் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு தினமும் அந்தப் பொய்யைச் சொன்னாள். தினமும் ஜெய்னப் சந்தோஷப்பட்டார்.

மாசி கடைசியில் ஒரு காலை போன் அப்துல் சலாமிடமிருந்து வந்தது. "ஜெய்னப் மவுத்தாயிட்டாம்மா" என்றார். பாவாயியும் அர்த்தனாரியும் கிடைத்த பஸ்ஸில் இறங்கினார்கள். எடுப்பதற்கு முன் முகம் பார்க்க முடிந்தது. உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பியதும் பெண்கள் வாசலோடு நின்றார்கள். பாவாயி மட்டும் மாடிக்கு ஏறினாள். மஞ்சள் போர்வை கொடியில் கிடந்தது. அன்றைக்கென்று பார்த்து மலை மடிப்பு மடிப்பாகத் துல்லியமாகத் தெரிந்தது. காட்ட ஆள் இல்லை.

ஆனி பிறந்த சமயம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சோதனை முடிந்து, யாருக்கு எந்த மருந்து போனது என்ற கணக்கைத் திறந்துவிட்டார்களாம். தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் சொல்வார்கள். பாவாயி காத்திருந்தபோது பக்கத்து அறையில் கோகிலாவின் குரல் கேட்டது. வேறொரு ஆராய்ச்சிக்கு வந்த புது நோயாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பலாப்பழம் கூறு போடறப்ப ஒருத்தர் திரும்பி நிப்பாங்கல்ல, அந்த மாதிரிங்க." பாவாயி எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் பானுமதி சுற்றி வளைக்கவில்லை. "உங்க பாட்டில்ல இருந்தது புது மருந்து. ஜெய்னப்பம்மாவோடது பழைய மருந்து."

பாவாயி விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். பிறகு கேட்டாள்: "கலைச்சுப் போட்ட மாசமெல்லாம் அக்காவுக்கு என்னுதுல பாதி போச்சுங்க. அப்ப நல்லாத்தான் இருந்தாங்க. நிறுத்துனதுக்கப்புறம்தான்…"

"ஆமாம்மா. அதுவும் நெசம்தான்."

"அப்ப நிறுத்தாம இருந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். இல்ல, பாதி மருந்து ரெண்டு பேருக்குமே பத்தாமப் போயிருக்கலாம். அவங்களுக்கு வர்றப்பவே முத்தின நோவு. எல்லார் கணக்கையும் சேத்துப் பாத்தா புது மருந்து கொஞ்சம் மேலன்னு தெரியுது. உங்க ரெண்டு பேர வெச்சு எதையும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாதும்மா. தெரியாதுன்னு உங்ககிட்டச் சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது."

அந்த டாக்டரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டியபோது பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். கீழே இருந்தபோது மலைக்காக ஏங்கினாள். மலைக்கு வந்த பிறகு கீழே ஒரு மொட்டை மாடிக்காக ஏங்குகிறாள். மனுஷ மனதுக்கு இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாது என்பார்கள். அவள் விஷயத்தில் அது சரியில்லை. அவளுக்கு வேண்டிய ஆட்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே பலாப்பழம் இறக்கினார்கள். மரத்தடியில் நாலு கூறு வைத்தாயிற்று. பங்காளி முருகானந்தம் குச்சியை எடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணி, ஒரு வருசம் நீங்க இல்லாம எல்லாரும் எட்டிப் பாத்துட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி போய் முதுகைக் காட்டி நின்றாள். அவள் முகம் இருந்தது மேற்குப் பாறைப் பக்கம். அதற்குக் கீழேதான் காளப்பநாயக்கன்பட்டி.

"இந்தக் கூறு யாருக்கு?"

"சின்னக்கண்ணுக்கு."

"இது?"

"முருகானந்தத்துக்கு."

"இந்தக் கூறு?"

"மணிவண்ணனுக்கு."

மிச்சம் ஒன்றுதான். கேட்க வேண்டியதே இல்லை, அது அர்த்தனாரி வீட்டுக் கூறு. இருந்தாலும் முறை முறைதானே. முருகானந்தம் குச்சியால் தொட்டான். "இந்தக் கூறு யாருக்கு?"

பாவாயி பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தடவை கேட்டான்.

"ஜெய்னப்புக்கு" என்றாள்.

பலாவாசம் மூக்கைத் துளைத்தது. "அப்படி ஒரு வீடு நம்முள்ள இல்லியே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சொன்னது சொன்னதுதான் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அர்த்தனாரி எழுந்து போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்தான். தன் வீட்டுக் கூறிலிருந்த பழங்களை ஒன்றுவிடாமல் அதில் அடுக்கி, வாயைக் கட்டினான்.

"காலைல மொத பஸ்ஸுல நானே கொண்டு போயி சலாம் பாய் ஊட்டுல குடுத்துட்டு வாரேன்" என்றான்.

கூறெல்லாம் எடுத்து, மரத்தடி காலியாகி, எல்லாரும் போன பிறகும் பாவாயி திரும்பவில்லை.